கியர் பெட்டியில் அடை படுத்த கோழி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். சரவணம்பட்டிக்கு வடக்கே எங்கள் தோட்டத்தில், தென்னம்பிள்ளைகளுக்கு நடுவே சின்ன வெங்காயம் நடலாம் என்று இருந்தேன். உழவு மாடுகளை முந்தின வருடமே விற்றாகிவிட்டது. பெரிய டிராக்டர் உள்ளே வந்து திரும்பினால் பிள்ளைகள் ஒடிந்துபோகும். அதனால் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டி டிராக்டரை வாங்கி வந்தேன். நீலகிரியில் ஏதோ பங்களாத் தோட்டத்தில் ஓடிய சீமை வண்டி. பெயர்த் தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி, எந்தக் காலத்து வண்டி, ஒன்றும் தெரியாது. கடைக்காரரைக் கேட்டேன்.

"வண்டி என்னன்னு எங்கிட்டக் கேக்காதீங்ணா. எடை என்னன்னு கேளுங்க, சொல்றேன்" என்றார்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டேன்.

வீட்டில் கொண்டுவந்து துடைத்து, எண்ணெய் மாற்றி முடுக்கினால் இஞ்சின் நன்றாகத்தான் உறுமியது. கியரைப் போட்டால் சக்கரம் அசையவில்லை. என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, சத்தத்துக்கு ஒரு கொறையுமில்லீங்க. கோயில் நோம்பிக்கு மேளம் சொல்ல வேண்டியதில்லை" என்றாள்.

கியர் பெட்டியைத் திறந்தேன். நான் படித்தவன் இல்லை. எதையும் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன்தான். உள்ளே பல்சக்கரங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் குறுக்கே ஒரு கம்பி, நடுவில் ஒரு துளையோடு, மொட்டையாக நின்றது. அதில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். என்னது அது? அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அந்தத் துளைதான் கண்ணுக்குள் நின்றது.

தெரிந்த லேத்துக்காரர் வந்து பார்த்தார். "இதுல ஒரு கவட்டை இருந்திருக்கோணுமுங்க. லீவரு கவட்டையைத் தள்ளும், கவட்டை பல்சக்கரத்தைத் தள்ளும். இப்ப லீவரு வெறுங்காத்தைத் தள்ளிட்டிருக்குது."

அவரே தகட்டை வெட்டி, கையிரண்டையும் விரித்தாற்போல் ஒன்று செய்து மாட்டினார். முதல் தள்ளலிலேயே அது மடங்கிவிட்டது. எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைவு, ஒன்றும் தெரியாமல் செய்தது வேறு எப்படி இருக்கும்? அசல் கிடைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்.

இங்கே விதை வெங்காயத்துக்குப் பொறுமை இல்லை. மூட்டையைப் பிரித்தால் பச்சைப் பச்சையாக முளை. "இந்த வாரத்துல நடலீன்னா அத்தனையும் அழுகிப்போயிருமுங்க" என்றாள் மனைவி. இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

மறுபடி உக்கடம். கடைக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தார். ஒரே லாரியில் இரண்டு வண்டிகள் வந்ததாகவும், மற்றொன்றைப் பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் வாங்கிப் போனதாகவும் நினைவு வந்தது அவருக்கு. ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் விசாரித்தால், "அந்தப் பொம்மை டிராக்டருங்களா?" என்று சிரித்தபடி வழி காட்டினார்கள்.

அந்த வீட்டு அம்மணிக்கு நாற்பது வயது இருக்கும். தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் இஞ்சினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டார்களாம். மீதி தறிக் கொட்டகையின் கோடியில் நின்றது. பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதே சாய்ந்த இருக்கை, அதே வளைந்த மூக்கு. அண்ணனைத் தெரிந்தவன் தம்பியைப் பார்த்தது மாதிரி. கியர் பெட்டிக்கு மூடி இல்லை. உள்ளே வைக்கோல். ஆசையோடு கையை விட்டேன். சுள்ளென்று ஒரு கொத்து!

"கையை எடுங்க, கையை எடுங்க! கோழி அடை படுத்திருக்குதுங்ணா!" என்று ஓடி வந்தார் அந்த அம்மணி.

வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"கவட்டையோ கிவட்டையோ, தாராளமா எடுத்துட்டுப் போங்க. குஞ்சு பொரியட்டும். போன தடவை கூடையில எடம் மாத்தி வெச்சேன். மறுக்கா உக்காரவே மாட்டேன்னு அடம் புடிச்சு, அத்தனையும் கூமுட்டையாப் போச்சு."

"எப்பங்க பொரியும்?"

"இன்னும் ஒரு வாரத்துக்கு மேல ஆகுமுங்க."

"வெங்காயம் அதுவரைக்கும் தாங்காதுங்க அம்மணி."

அவர் என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க வெங்காயத்துல முளை, இங்க முட்டைக்குள்ள உசுரு. ரெண்டும் ஒட்டுக்கா வந்து நிக்குது பாருங்க. சரி, தெனமும் ஒருக்கா தீனி தின்ன எந்திரிக்கும். அப்பப் பாக்கலாம். ஆளு நின்னா எந்திரிக்காது, அக்கட்டால போங்க."

பாவு நூல் உருளைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்துத் தறியில் இருந்தவர் நூலை முடிந்துகொண்டே, "என்னுங்ணா, பொண்ணு பாக்க வந்தாப்ல உக்காந்திருக்கறீங்க?" என்றார். பெண் வீட்டார்கூட இத்தனை நேரம் காக்க வைக்கமாட்டார்கள்.

ஒருவழியாகக் கோழி எழுந்து, சிறகை உதறி, வெளியே போனது. அந்த அம்மணி வைக்கோலை முட்டைகளோடு அப்படியே முறத்தில் ஏந்திச் சாக்கால் மூடினார். சத்தம் வராமல் இருக்க, சுத்தியலில் துணி சுற்றியிருந்தேன். என் வண்டியிலேயே தடவித் தடவிப் பழகியிருந்ததால் கை தானாகப் போனது. கவட்டையைக் கம்பியோடு பிணைத்திருந்த ஊசியைத் தட்டி, கம்பியை உருவினேன். கவட்டை கையில் வந்தது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, நீளக் காலில் லேசான கூன். அந்தக் கூனை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை! திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வைக்கோலைத் திரும்ப வைத்தோம். கோழி வந்தது. ஏறிப் பார்த்தது. ஒரு காலை உள்ளே வைத்து எடுத்துக்கொண்டது. சக்கரத்து மேல் நின்று கேறியது. உட்காரவில்லை.

அந்த அம்மணி முட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உக்காரலீன்னா திரும்ப மாட்டிப்போட்டுத்தான் போவேனுங்க" என்றேன். வாய் சொன்னாலும் மனது வெங்காய மூட்டையில்தான் இருந்தது. வைக்கோலுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு பக்கம் பள்ளம். முட்டைகள் எல்லாம் அங்கே சரிந்து கிடந்தன. இத்தனை நாளும் அந்தக் கவட்டைதான் கூட்டைத் தாங்கியிருக்கிறது! தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி, கவட்டை மாதிரியே மடக்கி, அந்தப் பள்ளத்தில் திணித்தேன்.

தறிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒளிந்துகொண்டோம். வைக்கோல் சரசரத்தது. அந்த அம்மணி எட்டிப் பார்த்து, "உக்காந்துருச்சுங்ணா" என்று காற்று மாதிரிச் சொன்னார்.

மறுநாள் எங்கள் தோட்டத்தில் வண்டி நகர்ந்தது. மழைக்கு முன்னால் வெங்காயம் நட்டு முடித்தோம். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடவு முடிந்து சில நாள் கழித்துப் பல்லடத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். என் தலையைக் கண்டதுமே, வாங்க என்றுகூடச் சொல்லாமல், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார் அந்த அம்மணி:

"ரெண்டே ரெண்டுதானுங்ணா கூமுட்டை!"

இன்றைக்கும் எங்கேயாவது ஒரு பழைய சாமான் கேட்பாரில்லாமல் கிடப்பதுபோலத் தெரிந்தால், அது எந்த வண்டியில் என்ன வேலை செய்தது என்று ஆராய்வதற்கு முன்னால், இப்போது அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுகிறேன்.