சைக்கிள் உழக்கிக் கேட்ட சமாதானம்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுதினால் வரி கோணும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போவேன். வயது போய்விட்டதால் மறதியும் கூடிவிட்டது. வாசிக்கிறவர்கள் குறை நினைக்கக் கூடாது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் சண்டை நின்றதே, அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது மட்டும் ஓரளவு மறக்கவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள். எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையால் இறங்கினால் ஆழமில்லாத பரவைக்கடல். கடல் பக்கத்தில் இருந்தும் கடலுக்குப் போக முடியாத காலம் அது. மீன்பிடித் தொழிலுக்கு அரசாங்கம் போட்ட தடை. தடையை மீறி வள்ளம் இறக்கியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. என் மனுசனின் தங்கையுடைய புருசனும் அப்படிப் போனவர்தான். தேடிப் போகவும் ஒருவராலும் முடியவில்லை. அதன் பிறகு அந்தத் தங்கை, என் மச்சாள், எங்கள் வீட்டு வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தாள்.

என் மனுசன் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சு வலை எறிவார். அகப்படுவது பூனைக்கும் காணாது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்து வெயிலில் வெடிக்கத் தொடங்கியது. நத்தார் என்கிற கிறிஸ்மசுக்குக்கூட வீட்டில் கறி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னார்:

"மூவிராசர் திருநாள் முடியட்டும். சண்டை நிண்டாலும் நிக்காட்டிலும் நான் கடலுக்குப் போறன்."

நான் எப்போதுமே கதை குறைந்தவள். ஆனால் அன்று தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. மச்சாளைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு நானும் இப்படித்தானோ என்ற எண்ணம் வந்துவிடும்.

கொழும்பில் அப்போது புது அரசாங்கம் வந்திருந்தது. அவர்களும் எங்கள் பக்கத்து இயக்கத் தலைமையும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. கொழும்பிலிருந்து ஆட்கள் ஹெலியில் வந்து இறங்கிப் பேசிவிட்டுப் போனார்கள். சனம் திரண்டுபோய்ப் பார்த்தது. நான் போகவில்லை. எண்பத்தேழில் இந்திய ராணுவம் வந்தபோதும் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். வந்த ஆமிக்கு மாலை போட்ட சனம் சில மாதத்தில் அதே ஆமிக்குப் பயந்து கோயில்களுக்குள் ஓடியது. பெரிய ஆட்கள் ஒப்பம் வைக்கிறார்கள், அது எங்கள் வேலிப் படலை வரைக்கும் வந்து சேருமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

செய்தி கேட்பது என்றால் எங்கள் ஒழுங்கையில் பழைய தபால்காரர் வீடுதான். பென்சன் எடுத்தவர், எல்லாருக்கும் அண்ணை. கரண்ட் இல்லை. ரேடியோவுக்குப் போடுகிற பற்றறியையும் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் வர விடுவதில்லை. அதனால் அவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்திருந்தார். யாராவது உழக்கினால் ரேடியோ கதைக்கும். வேகமாய் உழக்கினால் ரேடியோ எரிந்துவிடும், மெதுவாய் உழக்கினால் குரல் செத்துவிடும். கேட்க வருகிறவர்கள் முறை வைத்து உழக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

தை ஆறாம் திகதி மூவிராசர் திருநாள் முடிந்த கையோடு ஒரு மத்தியானம், ஏதோ பெரிய செய்தி இருக்கிறதாம் என்று முற்றம் நிறைய ஆட்கள். அன்று முறை என் மனுசனுக்கு. சைக்கிளில் ஏறி இருந்து ஒரே சீராய் உழக்கினார். நானும் மச்சாளும் வேலி ஓரமாய் நின்றோம்.

இரண்டு தரப்பும் போரை நிறுத்த உடன்பட்டு ஒப்பமிட்டுள்ளன என்று ரேடியோ சொன்னது. இன்னும் ஏதேதோ சொல்லி, பிறகு "கடற்றொழிலைப் பொறுத்தவரையில்" என்று தொடங்கியது. அவ்வளவுதான். சத்தம் இழுபட்டு நின்றுவிட்டது.

பார்த்தால் என் மனுசன் கால் இரண்டும் பெடலில் அப்படியே இருக்க, வாயைத் திறந்தபடி ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, உழக்கடா" என்றார் தபால்காரர்.

அவர் திடுக்கிட்டு உழக்கினார். ரேடியோ திரும்ப உயிர் வந்து கதைத்தபோது கிரிக்கெட்டில் யாரோ அவுட்டாகிவிட்டான்.

"ஏன் அண்ணை, கடல் எண்டு கேட்ட உடனை காலிலை நங்கூரம் போட்டிட்டியோ?" என்று தன் தமையனைக் கேட்டாள் மச்சாள்.

முற்றமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இறங்கிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"சண்டை நிண்டிட்டுது. கடலும் திறந்தாச்செண்டுதான் சொல்லியிருப்பான். நான் வள்ளத்தை நிமித்தப் போறன்."

"கடல் மட்டும் மூடித்தான் இருக்குமெண்டும் சொல்லியிருக்கலாமெல்லே" என்றாள் மச்சாள். இப்போது அவள் குரலில் பகிடி இல்லை.

"ஓம், தம்பி" என்றார் தபால்காரர். "அரைச் செய்தியோடை போகாதை. பொழுதுபட வெளிநாட்டு ரேடியோவிலை தமிழ்ச் செய்தி வரும். கேட்டிட்டுப் போ."

"எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்? இனியும் கேக்கவோ?"

அவர் படலையைத் தாண்டப் போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, பொழுதுபடுமட்டும் பொறுங்கோ. நான் உழக்கிறன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் என்னையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் மாமரத்தடியில் குந்தினார்.

பொழுதுபட, சேலையோடு சைக்கிளில் ஏற எனக்குக் கூச்சமாய் இருந்தது. அதனால் பக்கத்தில் குந்தி இருந்து பெடலைக் கையால் சுற்றினேன். செய்தியைக் கேட்டால் என் கையும் நின்றுவிடும் என்று பயம். ஆகையால் கேட்கவே கூடாது என்று முடிவெடுத்து, மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தை வாய்க்குள் சொல்லத் தொடங்கினேன். செபத்தின் ஓட்டத்துக்கே பெடலும் சுற்றியது. ரேடியோ என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கெட்ட செய்தி என்றே நான் நினைத்தேன். ஆனாலும் கையை விடவில்லை.

"பிள்ளை, போதும், நிப்பாட்டு. முடிஞ்சுது" என்றார் தபால்காரர்.

"என்ன சொன்னவங்கள்?" என்று கேட்டேன்.

"நீ கேக்கேல்லையே?"

"இல்லை."

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சமாதானத்தைச் சுத்திக் குடுத்துப்போட்டு, தான் கேக்கேல்லையாம்."

தபால்காரர் பொறுமையாய்ச் சொன்னார். சண்டை இரண்டு பக்கமும் நிற்கும். கரைக்கடலில் பகலில் தொழில் செய்ய விடுவார்கள். மற்றதெல்லாம் இனிமேல்தான் பேசுவார்களாம். ஒப்பந்தத்தை மீறாமல் பார்க்க வெளிநாட்டுக்காரரும் வருவார்களாம்.

"எந்த நாட்டுக்காரர் அண்ணை?" என்று மச்சாள் கேட்டாள்.

"குளிர் நாட்டுக்காரராம்."

"எங்கடை வெயிலுக்கு உவங்கள் உருகிப்போடுவங்களே. முதலிலை உவங்களுக்கு ஒரு பந்தல் போட்டுக் குடுங்கோ."

என் மனுசன் முகத்திலிருந்து துவாயை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "விடிய வெள்ளணப் போறன்" என்றார். இப்போது மறிக்க என்னிடம் காரணம் இல்லை. பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

இரவோடிரவாய் வள்ளத்தின் வெடிப்பை அடைத்து, வெளிச்சம் வந்த பிறகுதான் போனார். பகலில்தான் என்று ரேடியோ சொன்னதை மச்சாள் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டாள். வேறு வள்ளங்களும் இறங்கின. எண்ணெய் இல்லாததால் ஒருவரும் மெசின் போடவில்லை, கம்பு ஊன்றித்தான் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கரையில் நின்றோம். அக்கரையில் ஆமிக் காம்ப். அங்கிருந்து ஒரு வெடி கேட்டால் போதும். நான் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். காகம் கத்தியது. கோயில் மணி அடித்தது. வேறு ஒன்றும் இல்லை. வெடி கேட்காத காலைநேரம் அவ்வளவு நீளமாய் இருக்கும் என்று எனக்கு அதற்கு முதல் தெரியாது.

வெயில் ஏறிய பிறகு வள்ளம் வந்தது. தண்ணீரில் இறங்கி அதை இழுத்துக்கொண்டு அவர் நடந்து வந்தபோது நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

"என்னப்பா, செத்தவீட்டிலை இருக்கிறவள் மாதிரி இருக்கிறாய்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை கிழமைக்குப் பிறகோ நெஞ்சுக்குள் காற்று முழுதாய்ப் போய் வந்தது போல இருந்தது.

திரளியும் ஓராவுமாய்க் கொஞ்ச மீன். எங்கள் வழக்கத்தில் வள்ளத்தில் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. அவர் தனியாய்ப் போனவர், ஆனால் கரையில் ஓலையை விரித்து மீனை இரண்டாய்ப் பிரித்தார். ஒன்றை மச்சாளின் பக்கம் தள்ளினார்.

"இது என்ன? கடலுக்குப் போகாத ஆளுக்குப் பங்கு கிடையாதே" என்றாள் மச்சாள்.

"மச்சான் கடலுக்குப் போன ஆள்தானே" என்றார் அவர்.

அவள் சேலைத் தலைப்பை விரித்து மீனை வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் ஒழுங்கை முழுக்க மீன் குழம்பு மணந்தது. சாப்பிட்டுவிட்டு நான் பாயில் சரிந்தவள், பொழுதுபடத்தான் எழும்பினேன்.

அந்தச் சமாதானம் சித்திரை வரைக்கும்தான் நின்றது. பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் அவர் போய்ப் போய்த் திரும்பி வந்தார். நான் நித்திரை கொண்டேன். பெரிய ஆட்கள் வைத்த ஒப்பத்தில் என் பங்கு அதுதான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கடலைத் திறந்தது சண்டை நின்ற அதே நாளிலா, அல்லது சில கிழமை கழித்தா என்று எனக்கு இப்போது குழம்புகிறது. இரண்டு செய்தியையும் நான் ஒரே நாளில் போட்டுவிட்டேனோ தெரியாது. வெளிநாட்டுக்காரர் எங்கள் பக்கம் வந்தார்களா என்பதும் நிச்சயம் இல்லை. அந்த நேரத்துப் பேப்பர் வைத்திருக்கிறவர்கள், அல்லது அப்போது தொழிலுக்குப் போனவர்கள் யாராவது இதைப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.