மோனோவின் வலது காது

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது அரசாங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் மோனோ. கீபோர்டின் முதுகில் சத்தம் வெளியே போக இரண்டு துளைகள் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அவன் ஒன்றில் மட்டும்தான் ஒயரைச் செருகுவான். அப்படிச் செருகினால் இரண்டு பக்கச் சத்தமும் கலந்து ஒன்றாக வந்துவிடும். அதற்குப் பெயர்தான் மோனோ. இன்னொன்றை ஏன் சும்மா விடுகிறாய் என்று யாராவது கேட்டால், “அந்தப் பக்கம் ஆள் இல்லீங்க” என்று இடது காதைத் தொட்டுக் காட்டுவான். கேட்டவர் சிரிப்பார். அவனும் சிரிப்பான். அந்தக் காதை அணைத்துவிட்ட அவனுடைய அண்ணனும் பக்கத்தில் நின்று சிரிப்பான்.

அண்ணன்தான் இசைக்குழுவின் தலைவன், பாடகன், வண்டிக்குச் சொந்தக்காரன். அவனுக்கு இரண்டு குரல்கள். மைக்கில் வருவது தேனில் ஊறிய குரல். “அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, உங்கள் பொற்பாதம் பணிந்து அடுத்த பாடலைச் சமர்ப்பிக்கிறோம்.” மைக்கை இடுப்புக்கு இறக்கியதும் இன்னொரு குரல் வரும். “டேய் பொணமே, வயலின் சவுண்டு எங்கடா? உங்கப்பனா வந்து வாசிப்பான்?” இருவருக்கும் ஒரே அப்பா என்பது அந்தக் குரலுக்கு எப்போதும் மறந்துபோகும்.

காது போன கதை சின்னது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவருக்கு மேல் சுருதி எட்டவில்லையென்றால் அந்தப் பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்கிவிடலாம். வாசிப்பவன் விரலை மாற்ற வேண்டியதில்லை. அன்றைக்கு அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு பாட்டுக்கு இறக்கிய தம்பி, அடுத்த பாட்டுக்கு ஏற்ற மறந்துவிட்டான். அண்ணன் ஓரிடத்தில் எடுத்தான், கீபோர்டு வேறிடத்தில் எடுத்தது. கூட்டம் விசிலடித்தது. மேடைக்குப் பின்னால் வந்ததும் அண்ணன் விரித்த கையால் அறைந்தான். உள்ளங்கை காதை முழுசாக மூடிக்கொண்டு விழுந்தது. முதலில் வலிக்கவில்லை. தலைக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. காதிலிருந்து வழிந்த ரத்தத்தை அண்ணனே தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். “டாக்டர்கிட்ட போனா எப்படி ஆச்சுன்னு நோண்டுவான். எண்ணெய காய்ச்சி ஊத்து, சரியாயிடும்.” ஊற்றினார்கள். சீழ் பிடித்தது. சீழ் மூளைக்குப் போகாததே உங்கள் நல்ல நேரம் என்றார் பிறகு பார்த்த டாக்டர்.

அதிலிருந்து, ஓங்கிய கையின் நிழல் பட்டாலே மோனோவின் கழுத்து தானாகத் திரும்பும். செத்த காதை முன்னால் நீட்டி, உயிருள்ள காதைத் தோளில் புதைத்துக்கொள்ளும். டிரம்ஸ் வாசிப்பவர் அதைப் பார்த்து, “உன் கழுத்துல ஸ்பிரிங் வெச்சிருக்கியாடா?” என்பார். ஊரே அதிர அடிக்கிற அவருக்குக் குழுவில் வைத்திருந்த பெயர் அமைதி. அந்தக் கை எதற்கு ஓங்குகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்றால், எங்கே போவது? அவன் தூங்கியது அண்ணன் வீட்டு முன்னறையில். கீபோர்டுகள் அண்ணனுடையவை. வேறு குழுவில் போய் நின்றால், ஒற்றைக் காதுக்காரனா என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கை அலுத்துப்போனபோது அண்ணன் வேறொரு வழி கண்டுபிடித்தான். மேடையில் வாசிப்பவர்களின் காலடியில், அவரவர் வாசிப்பது அவரவருக்குக் கேட்க, மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் படுத்திருக்கும். அதன் வாய்க்கு நேராக மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடும். கேட்டவர்களுக்குப் பல் கூசும். மோனோ தப்பாக ஒரு ஸ்வரம் தொட்டுவிட்டால் போதும், அண்ணன் பாடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ரசிகர்களுக்குக் கும்பிடு போடுகிற சாக்கில் குனிந்து மைக்கை மோனோவின் மானிட்டரிடம் காட்டுவான். கீய்ங் என்று ஊசி ஒன்று வலது காதில் இறங்கும். கூட்டம் திரும்பி, அரங்கத்தின் கோடியில், எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முறைக்கும்.

அந்தப் பெண் அண்ணி. “பொம்பள கைல மிக்ஸரக் குடுத்தா இப்படித்தான்” என்று முன்வரிசையில் ஒருவர் சொல்வது அண்ணி வரைக்கும் போகும். மேடையிலிருந்து அண்ணன் கொஞ்சுவான். “மன்னிக்கவும், எங்கள் ஒலிக் கலைஞர் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார்.”

ஒரு முறை அப்படி இறங்கிய ஊசி இறங்கியபடியே நின்றுவிட்டது. வலது காதில் ரீங்காரம் ஓயவில்லை. காது டாக்டர் பேச்சில் கஞ்சன், வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் போலப் பேசினார்.

“அடி ஆகாது. சத்தம் ஆகாது. எது வந்தாலும் இதுவும் போயிடும். என்ன தொழில்?”

“மேடைல கீபோர்டு வாசிக்கறேன் டாக்டர்.”

டாக்டர் பேனாவை மூடினார். “கூட யாரு வந்திருக்காங்க?”

“எங்கண்ணன்.”

“அவருகிட்ட சொல்லுங்க. பாத்துப்பாரு.”

அண்ணன் பார்த்துக்கொண்டது போதும் என்று அண்ணிதான் பேச்சை எடுத்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“தம்பி, காதுக்குள்ள அடைச்சு மாட்டற இயர்போன் ஒண்ணு வாங்கிடலாம். வெளிச்சத்தம் உள்ள வராது. மிக்ஸர்ல நான் ஒரு லிமிட்டர் போட்டுடறேன். சத்தம் எல்லை மீறினா அதுவே கழுத்தப் புடிச்சு அமுக்கிடும்.”

“எங்கண்ணனுக்கு அது மாதிரி ஒண்ணு போட முடியுமா அண்ணி?”

“ஒயர எங்க செருகறதுன்னுதான் நானும் கல்யாணத்துலேர்ந்து தேடறேன்.”

அண்ணனிடம் கேட்டபோது ஒரே வரியில் முடித்துவிட்டான். “காத அடைச்சுக்கிட்டா நான் திட்டறது எப்படிறா கேக்கும்?”

பழைய கீபோர்டு பாதிப் பாட்டில் செத்துப்போக ஆரம்பித்ததால், புதிது வாங்க மூவரும் கடைக்குப் போனார்கள். கடைப்பையன் அண்ணனின் சட்டையைப் பார்த்ததுமே ஆளை எடை போட்டுவிட்டான். “சார், இதுல ஆயிரம் சவுண்டு சார். மழை சார், குதிரை சார், ஹெலிகாப்டர் சார். தொட்டா லைட் எரியும் சார்.” அண்ணன் தொட்டான். எரிந்தது. அண்ணன் முகமும் எரிந்தது.

மோனோ ஓரமாக இருந்த கறுப்புக் கீபோர்டுக்கு முன்னால் போய் நின்றான். அதில் லைட் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. கட்டைகளை மெதுவாக அழுத்தினான், பிறகு ஓங்கி அழுத்தினான். மெதுவுக்கு மெதுவாகவும் ஓங்கலுக்கு ஓங்கலாகவும் பேசியது. பியானோவை அழுத்திப் பிடித்தபடியே ஆர்கனுக்கு மாற்றினான். பழைய சத்தம் அறுந்துபோகாமல் புதியதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. மேடையில் அதுதான் வேண்டும். பாட்டு நடுவில் ஒரு நொடி ஊமையாகிவிட்டால் அந்த நொடிக்கு அவனல்லவா அடி வாங்க வேண்டும்.

“எனக்கு நாலு சவுண்டு போதும்ணே. ஆனா அந்த நாலும் மாறும்போது அறுந்து போகக் கூடாது. அந்த லைட் போட்டது மாத்தினா விக்குது, கேளுங்க.”

“மேடைல கட்டவுட்டு மாதிரி நிக்கறது நானு. பளபளன்னு இருக்க வேண்டாமா?”

“பளபளன்னு நீங்கதான் இருக்கீங்களே.”

கடைப்பையன் சிரித்துவிட்டான். அதுதான் வினை. அண்ணனின் கை மோனோவின் பின்னந்தலையைப் பிடித்துக் கட்டைகளின் மேல் மோதியது. கழுத்து தன் வேலையைச் செய்தது, வலது காது தோளுக்குள் போய்விட்டது. மூக்குதான் மாட்டிக்கொண்டது. எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து ஒரு அலறல் அலறின. இன்னொரு முறை மோதினான். அதே அலறல் கொஞ்சம் பலமாக வந்தது. வெள்ளைக் கட்டைகளின் இடுக்கில் ரத்தம் சொட்டி இறங்கியது.

கடைப்பையன் கட்டைகளை எட்டிப் பார்த்தான். பழக்கதோஷத்தில், “டச் நல்லா இருக்கு சார்” என்றான். பிறகு சுதாரித்துக்கொண்டு, “ரத்தம் பட்டத ஷோரூம்ல வெக்க மாட்டாங்க சார். இதத்தான் எடுத்துக்கணும்” என்றான்.

அண்ணன் கத்திப் பார்த்தான். முதலாளி வந்தார், கேமராவைக் காட்டினார். கறுப்புக் கீபோர்டு வண்டியில் ஏறியது. மூக்கில் பஞ்சோடு மோனோ அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் சிகரெட் வாங்க இறங்கியபோது அண்ணி அவன் மடியில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டாள். உள்ளே இயர்போனும், மிக்ஸரிலிருந்து அதற்குச் சத்தம் வாங்கித் தரும் ஒரு குட்டிப் பெட்டியும்.

“முடிய வளத்து மூடிக்க. இடுப்புல மாட்டற பெட்டிய சட்டைக்குள்ள விட்டுக்க. ஒண்ணு மட்டும் மறக்காத. அவர் மைக்கக் குனிஞ்சு காட்டும்போது துடிக்கற மாதிரி நடிக்கணும். இல்லேன்னா தெரிஞ்சுடும்.”

நடித்தான். நன்றாகவே நடித்தான். ஊளை கிளம்பும்போது கண்ணை இறுக்கி, தோளைக் குறுக்கி, பல்லைக் கடிப்பான். உள்ளே எங்கோ தூரத்தில் கொசு பாடுகிற மாதிரி மட்டும் கேட்கும். அண்ணன் திருப்தியாக அடுத்த சரணத்துக்குப் போவான். சில நாளில் ரீங்காரம் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் தன் இடது கை வாசித்ததை மோனோ இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான். கீழே ஒரு ஆறு ஓடுவது போல இருந்தது.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பட்டப்பகல். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பாட்டு. மெதுவான பாட்டு, கீபோர்டுக்கு நிறைய இடம். மோனோ கண்ணை மூடி அந்த ஆற்றில் இறங்கிவிட்டான். எங்கேயோ ஒரு விரல் பிசகியது. அண்ணன் குனிந்தான், மைக்கைக் காட்டினான். அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. மோனோ மட்டும் கண் மூடி, உதட்டில் சிரிப்போடு, ஆடாமல் அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரசிகப் பெருமக்களே, அடுத்து எங்கள் டிரம்ஸ் கலைஞரின் தனி ஆவர்த்தனம்” என்றது தேன் குரல். அமைதி திகைத்துப்போய் அடிக்க ஆரம்பித்தார். அண்ணன் மைக்கும் கையுமாகத் திரைக்குப் பின்னால் போனான். போகும்போது மோனோவின் சட்டைக் காலரையும் கொண்டுபோனான்.

மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் இயர்போனைப் பிடித்து இழுத்தான். காதின் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. “யாரு வாங்கிக் குடுத்தா? அவளா? ரெண்டு பேரும் சேந்து என்ன முட்டாளாக்கறீங்களா?” கை ஓங்கியது. கழுத்து திரும்பியது. அடி செத்த காதில் விழுந்தது. அண்ணன் சிரித்தான். “எத்தன வருஷமா இந்த வித்தையக் காட்டுவ? எனக்குத் தெரியாதா?” இடது கையால் மோனோவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திருப்பினான். கழுத்து திமிறிப் பார்த்தது, முடியவில்லை. வலது காது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் உள்ளங்கையை விரித்தான். அன்றைக்குப் போலவே, முழுசாக.

மோனோவின் கைக்குப் பக்கத்தில் ஒரு மைக் ஸ்டாண்ட் இருந்தது. அடியில் வட்ட இரும்பு வைத்தது. அதைத் தூக்கியது தெரியும். அண்ணனின் முழங்காலில் இறக்கியது தெரியும். எலும்பு நகர்ந்த சத்தம் கேட்டது. முடியை விட்ட அண்ணன் மடங்கி விழுந்தான். அப்போதே போதும். காது தப்பிவிட்டது. ஆனால் மோனோ இரும்பைத் திருப்பிப் பிடித்துத் தாடையில் வீசினான். பல் ஒன்று திரையில் பட்டுக் கீழே விழுந்தது. “டேய்” என்றான் அண்ணன். விலாவில் ஒன்று. “போதும்டா.” தோளில் ஒன்று. “தம்பி, போதும்டா.” அது தேன் குரலும் இல்லை, மற்றக் குரலும் இல்லை. மோனோ அதுவரை கேட்டிராத மூன்றாவது குரல். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. கேட்டுக்கொண்டே அடித்தான். வெளியே டிரம்ஸுக்குக் கூட்டம் கைதட்டியது.

அண்ணி ஓடி வந்து பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்த பிறகுதான் நின்றான்.

கம்பெனி மேனேஜரிடம் அண்ணி, “படில தடுக்கி விழுந்துட்டாருங்க” என்றாள். மேனேஜர் படியைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், மோனோவைப் பார்த்தார். “நல்ல படி” என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அண்ணனோடு அமைதி ஏறிக்கொண்டார். சாமானை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவதாக அண்ணி சொன்னாள்.

இருவரும் ஒயர் சுற்றினார்கள். கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி நிமிராமலே கேட்டாள்.

“காது கேக்குதா?”

“கேக்குது அண்ணி.”

“அவர் மைக் ஆன்லயே இடுப்புல இருந்துச்சு. வெளிய போகாம நிறுத்தி வெச்சிருந்தேன். ஆனா என் ஹெட்போன்ல வந்துச்சு. எல்லாமே.” உறையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். “மொத அடி எனக்குப் புரிஞ்சுது தம்பி. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். அவர் போதும்னு சொன்னாரு. உனக்குக் கேக்கலன்னு நெனச்சேன்.”

மோனோ உறையின் ஜிப்பை இழுத்தான். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரும் நம்பியிருப்பார்கள், ஒற்றைக் காதுக்காரன்தானே.

“கேட்டுச்சு அண்ணி.”

அண்ணி தலையாட்டினாள். கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டும் சீட்டில் ஏறினாள். மோனோ வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தான்.

“நீ பின்னாடி ஏறிக்க தம்பி” என்றாள், கண்ணாடி வழியாக நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பிறகு கையை நீட்டி, அவன் பக்கத்துக் கதவை உள்ளிருந்து பூட்டினாள். அந்தச் சின்னச் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.