மிச்சம் பின்னேரம்

கல்வியியலில் கலாநிதிப் பட்டம் படிக்கப் பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொண்ட கடிதம் வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் முதலாம் ஆண்டுக் கட்டணம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நான் எடுத்த ஆய்வுத் தலைப்பு, பள்ளிக்கூடத்தை விழுங்கும் ரியூசன் வகுப்புகள். இருபது வருடம் கணித ஆசிரியையாக நின்று வயிறெரிந்த விஷயம் அது.

வங்கியில் ஓர் இளம் அலுவலர் என் சம்பளச் சீட்டை மேலும் கீழும் பார்த்தார். "ரீச்சர், வீட்டுக் கடன் இருக்குது. இதில இனிக் கழிக்க ஒண்டுமில்ல" என்றார். புலமைப்பரிசில்களுக்கு வயது கடந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் வயதெல்லை இல்லை. அதற்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்குப் படிப்பு?" என்று சிரித்தான். அவன் சிரித்தால் காசு வராது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

லிங்கநகர் வீட்டுக் குசினியில் நின்று அழுதேன். வெங்காயம் என்று சாட்டுச் சொல்லவும் மனமில்லை. இந்த இடமும் போனால் ஓய்வுபெறும்வரை அதே கரும்பலகை, அதே சோக்குத் தூள். கணவர்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"நீரும் ஒரு ரியூசனைத் தொடங்குமன்."

"என்ன கதைக்கிறீங்கள்? அதுக்கு எதிராத்தானே நான் எழுதப் போறன்."

"ஆபத்துக்குப் பாவமில்ல."

ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை நானே ஏசிக்கொண்டு, விறாந்தையில் வாடகைக் கதிரைகளைப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படிக்கும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளில் பலரே பள்ளிக்கூடம் விட்டபின், பின்னேரங்களில் வந்தார்கள். சாதாரண தரப் பொதுப் பரீட்சை நெருங்கியதால் பெற்றோர் எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் எனக்குள் ஒரு சத்தியம் செய்தேன்: பள்ளிக்கூடத்தில் ஒரு துளியும் குறைக்கக் கூடாது.

சத்தியம் ஐந்து கிழமை நின்றது. ஒரு நாள், துறைமுகம் தெரியும் எங்கள் வகுப்பறையில் வட்டத் தேற்றக் கணக்கொன்றைப் பாதிவரை செய்திருந்தேன். தொண்டை கட்டிவிட்டது, கால் உளைந்தது. மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "மிச்சத்தைப் பின்னேரம் பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். ரியூசனுக்கு வருபவர்கள் தலையாட்டினார்கள். மற்றவர்கள் அரைக் கணக்கோடு கொப்பியை மூடினார்கள். என்ன சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழும்பி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அடுத்த நாளும் அதையே சொன்னேன். இரண்டாம் தரம் அவ்வளவாக உறைக்கவில்லை.

கட்டணம் கட்ட நாலு நாள் இருக்கும்போது, அந்த வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். கருவாடு காயவைத்து விற்பவர். இருங்கோ என்றேன், நின்றுகொண்டே கதைத்தார்.

"ரீச்சர், பள்ளிக்கூடத்தில அரைவாசிக் கணக்குத்தானாம், மிச்சம் இங்கயாம். மகள் சொன்னவ. அந்த அரைவாசிக்கு மட்டும் எவ்வளவு எடுப்பீங்கள்? முழுக் காசு எங்களிட்ட இல்ல."

குரலில் குத்தல் இல்லை. சந்தையில் விலை கேட்பதைப் போலத்தான் கேட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

"காசு வேண்டாம். பிள்ளைய அனுப்புங்கோ."

"சும்மா ஏலாது ரீச்சர். சும்மா வாற பிள்ளையப் பின்னுக்குத்தான் இருத்துவினம்."

காசை நீட்டினார். கட்டணத்துக்கு எனக்குக் குறைந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாங்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கையை நீட்டி வாங்கினேன். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டினேன்.

திங்கட்கிழமை முதற்பாடத்திலேயே ஒரு புதுக் கணக்கை எடுத்து, ஒரு வரியும் விடாமல் கடைசிவரை கரும்பலகையில் செய்தேன். திரும்பிப் பார்த்தால், சல்லிப் பிள்ளை கொப்பியைத் திறக்கவேயில்லை. யன்னலால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ள எழுதேல்ல?"

மரியாதையாக எழும்பி நின்றாள்.

"அம்மா காசு கட்டிட்டா ரீச்சர். நான் பின்னேரம் எழுதுறன்."