கால் அளவைக் கேட்ட குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காரைக்குடியில் கோடை விடுமுறை நேரம். ஒரு பெண் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. நாற்பதைத் தொடப்போகும் வயது, கணவர் சவூதியில். சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. பழைய பொருட்கள் விற்கும் செயலி ஒன்றில் தேடியபோது, நாச்சியாபுரத்திலிருந்து யாரோ அப்படி இரண்டு சைக்கிள்களைப் படத்துடன் போட்டிருந்தார்கள். ஒன்று பெரிய சக்கரம், பளபளவென்று சிவப்பு. மற்றது சிறியது, சீட்டின் இரண்டு முனைகளும் தேய்ந்திருந்தன. சிவப்புதான் வேண்டும் என்று போன் செய்தேன்.

எடுத்தது ஓர் ஆண். "யாருக்கு? இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீகளா?" என்றார். எனக்குத்தான், இனிமேல்தான் பழக வேண்டும் என்றேன். பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தபோது அடுத்த கேள்வி வந்தது.

"ஷூ போட்டுக்கிட்டு நின்னா, காலோட உள்பக்க அளவு எவ்வளவு வரும்? அளந்து சொல்லுங்க."

எனக்குச் சுரீரென்றது. சைக்கிள் விற்கிறவனுக்கு என் கால் அளவு எதற்கு? கடுப்பாகவே கேட்டேன். மறுபடியும் அதே மௌனம். பிறகு, "நேர்ல வாங்க. ஆனா தனியா வராதீக, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

மனசு ஆறவில்லை. தம்பியிடம் சொன்னதும் அவன் கொதித்துப்போனான். "வாக்கா, ஆளை நேர்லயே பாத்துருவோம்" என்று பைக்கை எடுத்தான்.

செயலியில் போட்டிருந்த முகவரியில், தெருக்கடைசி வீடு. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. "வாங்க, உள்ள வாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. வாசலை விட்டு நகராமல் நின்றேன். உள்ளே ஏதோ இரும்பு உரசும் சத்தம். தம்பி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

முற்றத்தின் குறுக்கே, சுடிதார் போட்ட ஒரு பெண் ஒற்றைச் சக்கரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரம்மா. சைக்கிள் ரெண்டும் இவுகளோடதுதான். காது கேக்காது, பேச்சும் வராது. போன்ல நீங்க சொன்னதைக் கையால இவுகளுக்குச் சொல்லி, இவுக கேட்டதைத்தான் உங்ககிட்ட கேட்டேன்" என்றார் அவர்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. அந்த அம்மா சிவப்பைத் தொடவிடாமல் சின்ன சைக்கிளையே காட்டினார். தேய்ந்ததை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ? சிவப்புதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சரி, ஏறு என்று சைகை காட்டினார்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கீழே இருந்த பெடல் என் காலுக்கு எட்டவே இல்லை. காலை நீட்டி எட்ட முயன்ற நொடியில் சக்கரம் முன்னால் வழுக்கியது. மல்லாக்க விழ இருந்த என்னை அந்த அம்மாதான் தாங்கிப் பிடித்தார். சைக்கிள் கல்தரையில் மோதி, புது சீட்டில் நீளமாக ஒரு கீறல்.

சத்தம் போடப்போகிறார்கள் என்று அவசரமாகச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். அவரோ தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, சின்ன சைக்கிளின் தேய்ந்த முனைகளைக் காட்டி விரலை அசைத்தார்.

"பழகுறப்ப சீட்டுதான் மொதல்ல அடி வாங்குமாம். இது இவுக விழுந்து விழுந்து தேஞ்சதாம். சின்னச் சக்கரம்தான் புதுசா பழகுறவுகளுக்குச் சொன்னபடி கேக்குமாம்" என்றார் அந்த அம்மாவின் கணவர்.

அந்த அம்மா என்னை நிற்கவைத்து, காலின் உள்பக்கத்தை இன்ச் டேப்பால் அளந்து, சின்ன சைக்கிளின் சீட்டை எனக்குத் தோதாக இறக்கினார். என் ஒரு கையைத் தன் தோளிலும், மறு கையைத் தம்பியின் தோளிலும் வைத்தார். கூட ஆள் வேண்டும் என்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தடுமாறித் தடுமாறி அந்த முற்றத்தைக் கடந்தபோது, எதிர்ச் சுவரைத் தொட்டு நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அந்தச் சின்ன சைக்கிளைத்தான் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

முன்பின் தெரியாதவர்களை இன்றும் நான் சட்டென்று நம்பிவிடுவதில்லை. ஆனால் மனதில் எழும் சந்தேகத்துக்கு நானே பதிலையும் எழுதிக்கொள்ளாமல், எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க அன்று அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.