இரண்டு நிறுத்தம் முன்னால்

நபீஸாவுக்கு உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்டாலே ஆகாது. அதிலும் உட்கார்ந்திருப்பது தன் வீட்டுக்காரர் கலீல் ரகுமான் என்றால் கேட்கவே வேண்டாம். கோட்டையூர் வீட்டில் அவர் நாற்காலியில் சாய்ந்த மறுநிமிடம், "ஏங்க, மாடியில துணி காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாங்க" என்று குரல் வரும். மாடியில் துணியே காயப்போட்டிருக்க மாட்டாள்.

அந்தப் பரபரப்புக்குக் காரணம் உண்டு. அவர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்த வாரமே ரத்தம் பரிசோதித்தார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. கால் விரலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, இப்படியே விட்டால் விரல் தங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி மாத்திரை எழுதினார். இரண்டு மாதத்தில் திருச்சியில் புது விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட் வேறு. சர்க்கரை கூடியிருந்தால் பயணம் கிடையாது. இங்கே அவருக்கென்று வேலை ஏதும் இல்லை. போயே ஆக வேண்டும்.

இதற்கு நடுவில் விருந்து! வெளிநாட்டிலிருந்து வந்தவரைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டில் கை நனைக்காமல் வந்தால் ஆறு மாதத்துக்குப் பேச்சே இருக்காது. நெய்ச்சோற்றை நபீஸாவால் தடுக்க முடியவில்லை. அதனால் பஸ்ஸில் கை வைத்தாள். எங்கே போனாலும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே குடும்பத்தை இறக்கி நடக்க வைத்தாள். திரும்பும்போதும் அப்படித்தான்.

அமராவதிபுதூரில் இருக்கும் நாத்தனார் ஷாஜியா வீட்டுக்கு அப்படி நடந்தபோது மூன்று பைக்குகள் நின்றன. "என்ன மச்சான், வண்டி ரிப்பேரா? ஏறுங்க!" கலீல் அசடு வழிந்தார். ஷாஜியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சவூதியிலேருந்து வந்த எங்கண்ணன வேகாத வெயில்ல நடத்திக் கூட்டியாந்திருக்கீகளே மதினி, ஊரு என்ன பேசும்?"

"என்னமும் பேசட்டும். எனக்கு ஒங்கண்ணன் காலு வேணும்."

ஐந்து வாரத்தில் சர்க்கரை இருநூறுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்குவேனா என்றது. நபீஸா மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். ஒருநாள் துவைக்கப் போட அவர் சட்டையை உதறினாள். பையிலிருந்து பால்கோவா பொட்டலம் விழுந்தது.

"வயசுக்கேத்த வேலையா இது? யாரு வாங்கிக் குடுத்தா?"

கலீல் குனிந்து பொட்டலத்தை எடுத்தார். பன்னிரண்டு வயது மகள் சுஹானாதான் கதவோரம் நின்று அழுதாள்.

"நாந்தாம்மா குடுத்தேன். டெஸ்ட்டுல ஃபெயிலாயிட்டா அத்தா இங்குட்டே இருப்பாகள்ல?"

அது தெரிந்துதான் அவரும் தின்றிருக்கிறார். நபீஸாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மகள் நினைத்ததை அவள் மட்டும் நினைக்காமலா இருந்தாள்? ஒவ்வொரு நடைக்கும் நினைத்தாள்.

"காலு போன அத்தா வேணுமாடி ஒனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் சுஹானாவே செருப்பை எடுத்து அத்தாவின் காலடியில் வைத்தாள்.

மெடிக்கலுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் திருச்சி போனார்கள். புதுக்கோட்டையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். சாயங்காலமே முடிவைச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, போகலாம். பத்து நாளில் விமானம். நபீஸா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அதற்கப்புறம் காரைக்குடி வரும்வரை விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

காரைக்குடியில் டவுன் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் மருதுபாண்டிக்கு இவர்கள் பழக்கம் அத்துப்படி. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே விசிலடித்து, "நடக்கிற குடும்பம் எறங்கலாம்!" என்றார். கலீல் எழுந்துவிட்டார். நபீஸா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க."

"ஏம்புள்ள, எறங்கலையா? காலு வலிக்குதா?"

"ஒண்ணும் வலிக்கல. இன்னும் பத்து நாளுதான் இருக்கப் போறீக. பேசாம எம்பக்கத்துல உக்காருங்க."

மருதுபாண்டி மறுபடியும் விசிலடித்தார், பஸ் கிளம்பியது. பிடித்த கையை வீட்டு நிறுத்தம் வரும்வரை அவள் விடவில்லை.