பழைய காரில் மின்னிய பிள்ளையார்

எங்கள் பழைய கார் சுவீடனில் செய்தது. அறுபதுகளின் கார். இங்கே நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமில் ஒரு கிழவரின் கொட்டகையில் கிடந்ததை வாங்கினேன். வாங்கியது நான். அதில் ரலி என்கிற கார்ப் போட்டி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டது மனைவி.

இந்த ரலிக்கு வேகம் தேவையில்லை. சொன்ன வேகத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான். வழியில் எங்கோ ஒளிந்திருந்து நேரம் எடுப்பார்கள். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. ஒவ்வொரு செக்கனுக்கும் புள்ளி வெட்டு. நான் ஓட்ட வேண்டும். அவள் பக்கத்தில் இருந்து வரைபடமும் நேரமும் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். பெரிய வித்தியாசமில்லை.

காரில் எதை மாற்றலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து ரலிக்காரர் செய்த மாற்றம் என்றால் நாங்களும் செய்யலாம். பிறகு வந்தது எதுவும் கூடாது. முன்னுக்கு இரண்டு மூடுபனி விளக்கு, சரி. மரப்பிடி போட்ட ஸ்டியரிங், சரி. சாவி கொடுக்கும் ஸ்டொப்வொட்ச், சரி. எலெக்ட்ரோனிக் மணிக்கூடு கூடாது. எலெக்ட்ரோனிக் இக்னிஷனும் கூடாது. நான் டயர் கடையில் வேலை. புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளொக்குக்குக் கீழே உள்ள கராஜில் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் காரோடு கிடந்தேன். மேலே சாப்பாட்டு மேசையில் அவள் வரைபடத்தோடு கிடந்தாள். ரலி ஓடப்போகிறோம் என்று, வேலை செய்கிற மருத்துவமனைச் சமையலறையில் எல்லோருக்கும் சொல்லியும்விட்டாள்.

ரலி நாள் காலை நல்ல வெயில். பெரிய வெளியில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. காரைப் பரிசோதிக்க வந்தவர் வெள்ளைத் தாடிக்காரர். என்ஜினுக்கு மேலுள்ள பொனற்றைத் திறந்து பார்த்தார். தலையாட்டினார். கீழே படுத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டார். விட்ட தலை வெளியே வரவில்லை.

டாஷ்போட்டில் பிள்ளையார் இருந்தார். தமிழ்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிள்ளையார். பின்னால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். எங்கள் மற்றக் காரில் இருந்த அவரை முதல்நாள்தான் மனைவி தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வயர் கொடுத்தேன். ஆணி ஆணியாகச் சட்டம் பார்த்த எனக்கு அவர் சட்டத்துக்குள் வருவார் என்று தோன்றவே இல்லை. அவரைக் காரின் பாகமாக யார் நினைப்பார்கள்?

"இது என்ன?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"கடவுள்" என்றேன்.

"கடவுள் சரி. ஏன் மின்னுகிறார்?"

தன் ஸ்டொப்வொட்சை எடுத்துப் பிள்ளையாருக்கு நேரே பிடித்தார். செக்கனுக்கு ஒரு தடவை மின்னியது. பிசகவில்லை. இதைப் பார்த்து நேரம் எண்ணலாம், எலெக்ட்ரோனிக் நேரக் கருவி, கூடாது என்றார்.

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"என்னப்பா சிரிக்கிறியள்? நான் உந்தப் பிள்ளையாரைப் பாத்துத்தானே செக்கன் எண்ணினனான்."

"எப்ப?"

"நேற்று, குரோருட்டுக்கு ஓடிப் பாக்கேக்கை. குனிஞ்சு மணிக்கூட்டைப் பாத்தால் தலை சுத்துது."

"அதை இந்த ஆளுக்குச் சொல்லாதையும்."

"பிள்ளையாரை முன்னுக்கு வைச்சுக்கொண்டு பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

நோர்வேஜிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். தாடிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, மின்னுவதைக் கழற்றினால்தான் ஓட விடுவேன் என்றார்.

வயரை இழுத்தால் வேலை முடிந்தது. கையை நீட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயணம் வெளிக்கிடேக்கை சாமி விளக்கை அணைக்கிறதோ? அப்பிடியெண்டால் நான் வரேல்லை."

"பற்றரி செத்தால் அணையும்தானே?"

"அது தானா அணையிறது. இது நாங்கள் அணைக்கிறது."

"திங்கக்கிழமை வேலையிலை என்ன சொல்லுவீர்?"

"ஏதோ சொல்லுறன்." குரல் இறங்கிவிட்டது. மடியில் இருந்த வரைபடத்தை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு சரியாக வரவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

நான் தாடிக்காரரிடம் கேட்டேன். மின்னாமல் எரிகிற பழைய பல்ப் என்றால்? அவர் தாடியைச் சொறிந்தார். வரைபடம் பார்க்க அந்தக் காலத்தில் எல்லோரும் சின்ன விளக்குப் பூட்டினார்கள், அது சரி என்றார்.

என் கருவிப் பெட்டியில் வேக மீற்றருக்குப் போடும் சின்ன பல்ப் ஒன்று இருந்தது. முதலில் அதைப் பிள்ளையாருக்குப் பின்னால் எரிய வைத்தேன். எரிந்த பிறகுதான் மின்னுகிற விளக்கின் வயரை வெட்டினேன்.

"பாத்தீரோ? இருட்டே இல்லை."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தும் பார்த்தாள்.

"மஞ்சளா இருக்கிறார்."

"வடிவில்லையோ?"

"வடிவுதான். கதவைச் சாத்துங்கோ, நேரம் போகுது."

பொம்மையும் அந்தக் காலத்துக் காரில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமோ என்று தாடிக்காரரைக் கேட்டாள். தன் அப்பாவின் காரில் ட்ரோல் என்கிற பூதப் பொம்மை இருந்தது, அதற்குத் தானே சாட்சி என்று சொல்லி, எங்கள் போட்டி இலக்கத் தகட்டை ஜன்னலால் நீட்டினார்.

வெளிக்கிட்டோம். மின்னுகிறது இல்லை, மணிக்கூட்டைப் பார்த்தால் தலைசுற்று. அவள் வாயால் எண்ணத் தொடங்கினாள்.

"வேகம் கூடிப்போச்சு. காலை எடுங்கோ."

எடுத்தேன்.

"இப்ப குறைஞ்சுபோச்சு."

"எப்பிடித் தெரியும்?"

"கதை குடுக்காதேங்கோ. எண்ணுறது பிழைக்குது."

அன்று பின்னேரம் வரை நான் வாய் திறக்கவில்லை. சுகமாக இருந்தது.