சமயபுரம் போகாத மொட்டை

எந்தச் சாமிக்கும் தலை வணங்காதவன் நான். எழுதிப் பார்த்தேன், கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். பெருமாள் வீதிக்கு வந்தால் கை தானாகக் குவியும், பொங்கல் தொன்னை கண்ணில் பட்டால் தலையும் தானாகக் குனியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டதால், கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்ன ஒரு மனிதரிடம் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன்.

அரியமங்கலத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அவர் மேஸ்திரி, நான் வெல்டர். ஐம்பதுகளின் கடைசி அது. கோடையிலும் கருப்புச் சட்டைதான் போடுவார். அதைவிடக் கருப்பு அவர் தலைமுடி. எண்ணெய் தடவி ஏற்றி வாரி, நெற்றிக்கு மேல் ஒரு சுருள் விட்டிருப்பார். ஆயுத பூஜையன்று நாங்கள் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தால், "பொட்டு வச்சா போல்ட்டு இறுகுமாடா?" என்பார். பிறகு பொரியில் ஒரு கை அள்ளிக்கொண்டு, "பொரி கொள்கைக்கு விரோதமில்ல" என்று நகர்ந்துவிடுவார்.

அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு பங்குனியில் அவர்களுடைய ஐந்து வயசுப் பெண்ணுக்கு அம்மை போட்டது. அக்கா வாசலில் வேப்பிலை செருகினார், மேஸ்திரி டாக்டரைக் கூட்டி வந்தார். ஒருவரை ஒருவர் தடுக்கவில்லை. குழந்தை பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார். குழந்தை கண் திறக்காமல் கிடந்த ஒரு மத்தியானம், சமயபுரத்தாளுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். தன் முடியை அல்ல, குழந்தை முடியையும் அல்ல. ஒரு வார்த்தை கேட்காமல், புருஷன் முடியை.

"வீட்லயே ரொம்ப ஒசத்தியானது எதுவோ அதைத் தரணும்னு தோணிச்சு தம்பி. அவரு முடிதான் வாயில வந்துச்சு" என்றார் என்னிடம்.

மேஸ்திரி முடியாது என்றார். அக்கா சண்டை போடவில்லை. தட்டு முன்னால் உட்காருவார், இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது. வேண்டியதைச் செலுத்தாவிட்டால் ஆத்தா பிள்ளையைத் திரும்பக் கேட்பாள் என்று பயம். பத்தே நாளில் வளையல் முழங்கைவரை ஏறியது. சும்மா இருக்க முடியாமல் நான் குறுக்கே புகுந்தேன்.

"என் தலையைத் தரேன்க்கா. ஆத்தா என்ன ஆள் அடையாளமா பாக்கப் போறா?"

அக்கா என் தலையைப் பார்த்தார். அப்போதே எனக்கு முன்பாதி வழுக்கை.

"இதைக் குடுத்தா அவளுக்குக் கோவம் ஜாஸ்தியாயிடும் தம்பி."

அத்தனை நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி என்னைச் சலூனுக்கு இழுத்துப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து, "மொட்டை அடி" என்றார். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்.

"அண்ணே, நீங்களா?"

"தலை என்னுது. சாமிக்குக் குடுக்கல, உன் கடையில எடுத்துக்கறேன். எழுதித் தரணுமா?"

முடி விழ விழ அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் என் துண்டை விரித்துத் தரையைக் கூட்டி அள்ளினேன். கண் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தவர், "குப்பைய எவன் எங்க கொண்டு போனா எனக்கென்னடா" என்றார்.

வீட்டில் அக்கா மூட்டையைப் பிரித்தார். கருப்புக்கு நடுவே பொசுபொசுவென்று வெள்ளை. "இது யாருது தம்பி?" என்றார். "பாப்பா படுத்துக் கெடந்தப்ப அண்ணனுக்கு நரைச்சிருக்கும்க்கா" என்று அளந்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டு போன யாரோ ஒரு கிழவருடையதையும் சேர்த்து அள்ளியிருந்தேன். கெட்டிக்காரன் இல்லையா நான்! மறுநாள் அக்காவும் நானும் பஸ் ஏறிக் கொள்ளிடம் தாண்டிப் போய் அதைச் செலுத்திவிட்டு வந்தோம். அன்று அக்கா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆத்தா இன்றுவரை அந்தக் கிழவர் முடியைத் திருப்பி அனுப்பவில்லை. மதம் வளர்ந்த கதையைப் படித்தவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மதம் என் துண்டு மூட்டை மாதிரிதான். ஒருத்தி பயத்தில் வேண்டுகிறாள், ஒருத்தன் பிடிவாதத்தில் கொடுக்கிறான், கூட்டி அள்ளுகிறவன் முன்னே பின்னே இருந்ததையும் சேர்த்து அள்ளிவிடுகிறான். பிறகு அதில் எது யாருடைய முடி என்று கண்டுபிடிக்க ஆளில்லை. இப்படிச் சொன்னதற்காக யார் கோபித்துக்கொண்டாலும் கோபித்துக்கொள்ளட்டும். அள்ளியவன் நான், எனக்குத் தெரியாதா?

சலூன் மொட்டையில் ஒரு சங்கடம் இருந்தது. திருச்சியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் வேறு எதையும் நினைப்பதில்லை. டீக்கடையில் "சமயபுரமாண்ணே?" லாரி டிரைவர் "பிரசாதம் எங்கண்ணே?" அந்த ஞாயிறு சாயங்காலம் பாலக்கரையில் கருப்புச் சட்டைக்காரர்கள் கூட்டம். மேஸ்திரி பேச வேண்டும். தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லித் தோழர் ஒருவர் துண்டை நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை. வெறும் மொட்டையோடு மேடை ஏறினார்.

"எம் பொண்டாட்டிக்குப் பத்து நாளாச் சோறு இறங்கல. அதுக்குத்தான் மொட்டை. சிரிக்கிறவன் சிரிங்க."

முதலில் சிரித்தவன் நான்தான், வெட்கக்கேடு. அப்புறம் கூட்டமே சிரித்தது. அவர் இறங்கவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டு, அடங்கும்வரை நின்றார்.

"சிரிச்சாச்சா? இப்ப சாமி ஏன் இல்லைன்னு சொல்றேன், கேளுங்க."

அதற்கு அவர் சொன்ன முதல் காரணம் என்னவென்றால்,

"ஏங்க! குழாய்ல தண்ணி வந்தாச்சு. கொடத்தை எடுத்துக்கிட்டு வரீங்களா, இல்ல நானே தூக்கணுமா?"

என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். வரேன், வரேன்.